கணக்கில் வராத பந்துகள்

ஜூலை 8, 2025, செவ்வாய்

கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. பாதி ஊருக்குச் சளி, மீதி ஊருக்குக் காய்ச்சல். மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. ஐந்து மணிக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மகள் திரிஷாவின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாஃப்ட்பால் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் முடியப் போகிற நேரம்.

காயத்ரி டீச்சர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். இவர்தான் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை, அணிக்குக் கோச்சும் இவர்தான். வந்து ஒரு வருடம் ஆகிறது. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. தாளில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். திங்கள், புதன், வெள்ளி பந்து வீச்சு, ஒரு நாளைக்கு அறுபது பந்து. செவ்வாய், வியாழன் உடல் பலத்துக்கான பயிற்சி. சனிக்கிழமை மேட்ச். ஞாயிறு ஓய்வு. 'ஓய்வு' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

"பந்து போடற அன்னைக்கு வெயிட் தூக்கக் கூடாது. வெயிட் தூக்கற அன்னைக்குப் பந்து தொடக் கூடாது. வளர்ற பிள்ளைங்க, ரெண்டையும் ஒண்ணா ஏத்துனா கை தாங்காது" என்றார்.

அறுபது பந்தா? வாரத்துக்கு நூற்றெண்பது? திரிஷா பதினொன்றாம் வகுப்பு, இந்த அணியின் முதல் பிட்சர், பந்து வீசுகிறவள். கையை ஒரு முழு வட்டம் சுற்றி இடுப்பு ஓரமாகப் பந்தை விடுகிறாளே, அந்த ஒரு வீச்சுக்குள் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் பிட்சராக இருந்தவள்தான். பத்தொன்பது வயதில் மாவட்டத் தேர்வுக்குப் போய் நின்றேன். தேர்வாளர் என் பெயருக்கு எதிரே எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டேன். 'டெக்னிக் உண்டு. கை பலம் இல்லை.' வெளியே உட்கார வைத்தார்கள். அதன்பிறகு யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினாள் திரிஷா. பார்த்தபடி நின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

கந்தன் அண்ணனின் ஜிம்மில் சும்மா கிடந்த இரண்டு டம்பெல்களை வாங்கி வந்தேன். ஐந்து கிலோ. இனிமேல் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் அரை மணி நேரம் டம்பெல். சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் பந்து. பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறேன்.

திரிஷாவின் அப்பாவுக்கு ஒரகடம் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட். மதியம் போனால் எல்லோரும் தூங்கிய பிறகுதான் வருவார். அவரிடம் "கொஞ்சம் மாடில பந்து போடுறா" என்று மட்டும் சொன்னேன்.

திரிஷா சொன்னாள்: "டீச்சருக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கமா."

"நீ ஏன் சொல்ற?"

சிரித்தாள். அவளுக்கும் ஆசைதான். இன்று எண்பது பந்து. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று தாளில் இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 29, செவ்வாய்

மெத்தையில் பந்து விழும் சத்தம் மாறிவிட்டது. முன்பு 'தொப்'. இப்போது 'டப்'.

ஆகஸ்ட் 9, சனி

பக்கத்துப் பள்ளியோடு மேட்ச். ஒன்பது பேரை அவுட் ஆக்கினாள்! ஒன்பது! எதிர் அணிப் பெண்கள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து பின்னால் நிற்கும் கேட்சர் சிம்ரனின் கையுறைக்குள் போய்விட்டது. சிம்ரன் ஓடி வந்து, "ஆன்ட்டி, என் உள்ளங்கை எப்டி செவந்துனு இருக்குது பாருங்க" என்று காட்டினாள்.

இரண்டாவது பிட்சர் ஸஹானாவின் அம்மா சூடாமணி மாமி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து மகளின் எல்லா மேட்சுக்கும் வருவார். "உங்க பொண்ணு பந்து கண்ணுக்கே தெரியலையே! என்ன சாப்பாடு போடறேள்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை! என் கையில் இல்லாத பலம் அவள் கையில் வந்துவிட்டது. கொண்டுவந்தது நான்.

இன்றிலிருந்து மாடியில் நூறு பந்து.

ஆகஸ்ட் 21, வியாழன்

பல் தேய்க்கும்போது வலது முன்கை வலிக்கிறது என்றாள். அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், சுண்டு விரல் பக்கம், ஒரே இடத்தில். வீக்கம் இல்லை. தசை ஏறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். ஒரு வலி மாத்திரை கொடுத்தேன். மாலைக்குள் சரியாகிவிட்டது. நூறு பந்தும் போட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

மதியம் கடையில் இருக்கும்போது காயத்ரி டீச்சர் போன் செய்தார்.

"திரிஷாம்மா, ஒரு விஷயம் கேக்கணும். ரெண்டு வாரமா அவ வேகம் கொறைஞ்சுக்கினே வருது. நாப்பது பந்துக்கு மேல தோள் தொங்குது. நான் போடற கணக்குக்கு இவ்ளோ சோர்வு வரக்கூடாது. வீட்ல ஏதாவது எக்ஸ்ட்ரா பண்றாளா? ஜிம், டம்பெல், மாடில பந்து, எதுனா?"

எப்படி அவ்வளவு சரியாகக் கேட்டார்? யாராவது சொல்லியிருப்பார்களோ? கவுன்ட்டரில் ஒருத்தர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இல்ல டீச்சர். வந்தா படிக்கிறா, தூங்கறா. அவ்ளோதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா டீச்சர்."

"அப்ப சரி. நான்தான் வேற எங்கயோ பாக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? நிறுத்தச் சொல்லுவார் என்ற பயம். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. அது முடிந்ததும் நானே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். ஒரு மாதம்தானே.

செப்டம்பர் 4, வியாழன்

திரிஷாவிடமும் அதையே சொல்லச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

வினை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. திரிஷாவின் சோர்வுக்குப் பலக் குறைவுதான் காரணம் என்று டீச்சர் முடிவு செய்திருக்கிறார். சனிக்கிழமை மேட்ச் இல்லாத வாரங்களில் மூன்றாவது நாளாகவும் வெயிட் பயிற்சி சேர்த்திருக்கிறார். என் பதிலை நம்பித்தான் இந்த முடிவு. நான் நிஜத்தைச் சொல்லியிருந்தால் குறைத்திருப்பார்.

காலை டம்பெல்லையாவது நிறுத்தலாம் என்று நினைத்தேன். அப்புறம், இத்தனை நாள் ஏற்றிய பலம் இறங்கிவிட்டால் என்று தோன்றியது. நிறுத்தவில்லை. மாடிப் பந்தை மட்டும் எண்பதாக்கினேன். ஏதோ பெரிய தியாகம் செய்தது மாதிரி.

வாரத்தில் மூன்று நாளாவது மாத்திரை கேட்கிறாள். கேட்காத நாளில் நானே கொடுக்கிறேன்.

அக்டோபர் 4, சனி

"மா, இன்னைக்கு வேணாம்மா. கை கனமா இருக்குது."

"அடுத்த சனிக்கிழம மேட்ச். இன்னும் ஒரு வாரம்தாண்டி."

போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மாவட்ட இறுதிப் போட்டி. காலையில் அவள் கேட்காமலே மாத்திரை கொடுத்து அனுப்பினேன். முதல் இரண்டு ஆட்டப் பகுதியும் நன்றாகத்தான் போட்டாள். மூன்றாவது முடிந்து வெளியே வந்தபோது டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்டார். ஸஹானாவை வார்ம்-அப் செய்யச் சொல்லிவிட்டார். திரிஷா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன்? கையை மடக்கி, முஷ்டியை உயர்த்திக் காட்டினேன். போடு, உன்னால் முடியும் என்று.

அவள் டீச்சரிடம், "நல்லா இருக்குது மிஸ், நானே போடறேன்" என்று சொன்னாளாம். சிம்ரன் அப்புறம் சொன்னாள்.

நான்காவதில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது பெண்ணுக்கு இரண்டாவது பந்து. கை மேலே போய்ச் சுற்றிக் கீழே வந்தது. பந்து அவள் காலடியிலேயே விழுந்து உருண்டது. ஒரு சத்தம் கேட்டது. அது மட்டையில் பட்ட சத்தம் இல்லை, மட்டைக்குத்தான் பந்தே போகவில்லையே. அவள் அப்படியே மண்டியிட்டுக் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கத்தக்கூட இல்லை. சிம்ரன்தான் முதலில் ஓடினாள், அப்புறம் டீச்சர். நான் படிக்கட்டில் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் டீச்சர் தன் துப்பட்டாவைக் கிழித்து ஸ்கேலை வைத்துக் கட்டிவிட்டிருந்தார்.

முன்கையின் உள் எலும்பு முறிந்திருக்கிறது. அவருக்குப் போன் போட்டேன், ஷிஃப்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது இன்னைக்கு ஒடிஞ்சது இல்லைங்க. கொஞ்ச கொஞ்சமா விரிசல் விட்டு வந்திருக்குது. மாசக் கணக்குல. இன்னைக்கு முழுசா விட்டுடுச்சி. வாரத்துக்கு எவ்ளோ பந்து போடறா?"

டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். தேதி வாரியாக எல்லாம் இருந்தது. டாக்டர் இரண்டு மூன்று பக்கம் புரட்டினார்.

"இவ்ளோதானா? இந்த அளவுக்கு இப்படி ஆகாதே. வேற எங்கயாவது போடறாளா?"

"இல்ல டாக்டர். நான் அவங்க அம்மாகிட்டயே கேட்டுட்டேன்" என்றார் டீச்சர்.

திரிஷா படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். அழுது வீங்கின கண். எனக்காகக் காத்திருந்தாள்.

நான் கேட்டேன்: "ஆபரேஷன் பண்ணணுமா டாக்டர்?"

தேவையில்லை, மாவுக்கட்டு போதும் என்றார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. போக விட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

அவர் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் வேண்டாம் என்று கேட்டார். நானும் கூடப் போனேன்.

தலைமையாசிரியை அறையில் காயத்ரி டீச்சரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பொதுவாக யாரிடமும் சத்தம் போடாத மனிதர். இன்று வெளியே வராந்தாவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"எம் பொண்ணு கைய ஒடிச்சி வெச்சிட்டு நோட்டு காட்டறியா? டாக்டர் இன்னா சொன்னாரு, மாசக் கணக்கா விரிசல்னு சொன்னாரு! மாசக் கணக்கா நீ இன்னா பாத்துக்கினு இருந்த?"

டீச்சர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், மூணாவது நாள் வெயிட் சேத்தது நான்தான். எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு தெரியல. ஆனா பொறுப்பு என்னுது" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நீங்க எதுனா சொல்லணுமாமா?" என்று கேட்டார்.

கேட்டார். நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவரு சொன்னதுதான்" என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாவுக்கட்டு புதுச் சுடிதாரின் கைக்குள் நுழையவில்லை. தையலைப் பிரித்துவிடுகிறேன் என்றேன். "பழசே போதும்" என்றாள். ஒரு வாரத்தில் என்னிடம் அவள் பேசிய நீளமான வாக்கியம் இது.

அக்டோபர் 27, திங்கள்

டம்பெல்களைக் கந்தன் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பாப்பா கை எப்டிமா இருக்குது?" என்றார். பரவாயில்லை என்றேன். "அந்த டீச்சரம்மா பண்ண வேலைதானாமே" என்றார். ஊர் முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது. அதற்கும் ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.

நவம்பர் 8, சனி

காயத்ரி டீச்சர் நேற்றோடு பள்ளியை விட்டுப் போய்விட்டார். அணியை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். வேறு இரண்டு பெற்றோரும் புகார் எழுதிக் கொடுத்தார்களாம். நிர்வாகம் நேரடியாகப் போகச் சொல்லவில்லை, ஆனால் இருக்கவும் விடவில்லை. இதையெல்லாம் திரிஷா சொல்லித்தான் தெரிந்தது. நேற்று மாலை பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"போகும்போது எங்கிட்ட ஸாரி கேட்டாங்கமா. மிஸ் எங்கிட்ட ஸாரி கேட்டாங்க."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஆஸ்பத்திரில நீ சொல்லுவன்னு பாத்தேன். ஸ்கூல்ல சொல்லுவன்னு பாத்தேன். தினம் காலைல எழுந்திரிச்சா, இன்னைக்குச் சொல்லுவன்னு பாத்தேன். நான் சொல்லியிருக்கலாம். ஆனா எங்கம்மா பொய் சொன்னாங்கன்னு நான் எப்டிமா போய்ச் சொல்லுவேன்?"

அவள் அறைக்குப் போனாள். இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினாறு வயதுப் பிள்ளை. எலும்பு உடைந்த வலியோடு சேர்த்து என் பொய்யையும் ஒரு மாதம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் தினமும் வேலைக்குப் போனேன், குழம்பு வைத்தேன், சீரியல் பார்த்தேன். என்ன ஜென்மம் நான்?

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் அவர் டீ குடிக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும். டம்பெல், நூறு பந்து, மாத்திரை, போனில் சொன்ன பொய், மைதானத்தில் காட்டிய முஷ்டி. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அந்தப் பொண்ண நான் வா போன்னு பேசினேன் சுகா. அத்தினி பேர் முன்னாடி. நீ பக்கத்துல குந்தினு இருந்த. என்னை கத்த வுட்டு வேடிக்க பாத்தல்ல?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அவர் அடிப்பாரா, திட்டுவாரா? இல்லை. திரிஷா என்ன நினைப்பாள் என்றா? அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் ஒரு நல்ல அம்மா என்று யாரோ நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். யார் அந்த யாரோ?

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தலைமையாசிரியையைப் பார்த்தேன். சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன், இரண்டு பக்கம். கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மாசம் முன்னாடி இதே நாற்காலில உக்காந்திருந்தீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நிர்வாகத்தில் பேசிக் காயத்ரியைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். புகார் கொடுத்த பெற்றோருக்கும் என் கடிதத்தைக் காட்டுவாராம். காட்டட்டும்.

அங்கிருந்து டாக்டரிடம் போனேன். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். "மெடிக்கல்ல வேலை பாக்கறீங்க. வலி எதுக்கு வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு

சின்ன காஞ்சிபுரத்தில் விசாரித்துக்கொண்டு காயத்ரி டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒரு மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது அவருடைய அம்மா தில்லையம்மாள். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா முகம் மாறியது. உள்ளே கூப்பிடவில்லை, மகளை வெளியே அனுப்பினார். படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேசினோம்.

தலைமையாசிரியை போனில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல கணக்கு சொல்லுங்க. மாடில ஒரு நாளைக்கு எத்தனை?"

"நூறு. கடைசில எண்பது."

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

"ஏழு."

உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தார். மடியில் வைத்து எழுதிக் கூட்டினார். "நான் நூத்தி எண்பது. மேட்ச்சுல ஒரு எண்பது. நீங்க எழுநூறு" என்றார். பேனா அந்த எண்ணின் மேலேயே நின்றது. "இதுக்கு மேல தினம் டம்பெல். அதுக்கு மேல நான் சேத்த வெயிட்."

"ஆமா."

"ஒரு மாசமா இந்த நோட்ட வெச்சிக்கினு எங்க தப்புன்னு தேடினேன் திரிஷாம்மா. ஒவ்வொரு நாளா. அறுபத ஐம்பதாக்கி இருக்கணுமோ, இழுக்கிற ரப்பர் பட்டைய மாத்தி இருக்கணுமோன்னு. இனிமே பிள்ளைங்க கைல பந்து குடுக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன், ஸ்கூல்லேர்ந்து போன் வர்ற வரைக்கும். எங்கம்மாகிட்ட கேளுங்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை, சமாதானமும் செய்யவில்லை.

"பலம் வேணாம்னு நான் சொல்லலையே. வேணும். பந்தும் வேணும். ஆனா ரெண்டுத்துக்கும் நடுவுல அந்தக் கை சும்மா இருக்கணும். அப்பதான் எலும்புக்குப் பலம் ஏறும். நீங்க அந்தச் சும்மா இருக்கிற நேரத்தப் பூரா எடுத்துக்கிட்டீங்க. நீங்களும் வெளையாடினவங்கதான?"

"யாரும் எனக்கு இப்டி சொல்லித் தரல டீச்சர்."

"நான் சொன்னேனே. உங்களுக்குத்தான் தாள்லயே எழுதிக் குடுத்தேனே."



திரும்ப எங்கள் பள்ளிக்கு வருவீர்களா என்று கேட்டேன். வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டாராம், அங்கே அணியே கிடையாது, புதிதாக ஆரம்பிக்கப் போகிறாராம். "அந்த ரூமுக்குள்ள மறுபடி வந்து நிக்க என்னால முடியாது" என்றார்.

எழுந்தபோது கேட்டார்: "திரிஷா நல்லா தூங்கறாளா?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

நவம்பர் 23, ஞாயிறு

அவர் வாலாஜாபாத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. "காபி வாங்கிக் குடுத்து அனுப்பினாங்க" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 6, சனி

மாவுக்கட்டு எடுத்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ போல் இருந்தது. அவள் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் தொடலாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

சூடாமணி மாமி கடைக்கு வந்தார். தைலம் வாங்க. என் கடிதத்தை அவரும் படித்திருக்கிறார். எப்படியும் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"ஸஹானாவுக்கு நானும் ஆத்துல பந்து போடச் சொல்லிண்டிருந்தேன்" என்றார் மெதுவாக. "உங்க லெட்டரைப் படிச்சப்புறம் நிறுத்திட்டேன்."

மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார். கூப்பிட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 17, 2026, சனி

பொங்கல் விடுமுறை. திரிஷா அணிக்குத் திரும்பிவிட்டாள். இப்போதைக்கு ஓட்டம், கால் பயிற்சி, பந்து பிடிப்பது மட்டும். என்ன செய்கிறாள், எவ்வளவு செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. கேட்கும் உரிமையை நானே தொலைத்துக்கொண்டேன். அவளாகச் சிலசமயம் அப்பாவிடம் சொல்வாள். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொள்வேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வாலாஜாபாத்தில் நட்பு ஆட்டம். எங்கள் பள்ளியும் காயத்ரி டீச்சரின் புதுப் பிள்ளைகளும். திரிஷாவின் அப்பாவுக்கு ஓவர்டைம், வர முடியவில்லை. "நீ வண்டில கொண்டு போய் விடறியாமா?" என்று நேற்று திரிஷாவே கேட்டாள்.

மற்ற பெற்றோர்களோடு உட்காரவில்லை. வேப்பமரத்துப் பக்கம் தனியாக நின்று பார்த்தேன். ஸஹானா பிட்ச் செய்தாள். அழகாகப் போட்டாள். வேகம் அவ்வளவு இல்லை, ஆனால் பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது. திரிஷா முதல் பேஸில் நின்றாள். வரும் பந்தையெல்லாம் பிடித்தாள். ஒரு தடவை கீழே விழுந்து பிடித்தபோது என் உயிர் போய் வந்தது. வலது கையை உதறிக்கொண்டு எழுந்து சிரித்தாள்.

டீச்சரின் பிள்ளைகளுக்கு இன்னும் கையுறையே சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. தோற்றார்கள். தோற்றும் ஒரே கூச்சல், சிரிப்பு. ஆட்டம் முடிந்ததும் திரிஷா நேராக அவரிடம் ஓடினாள். டீச்சர் அவள் முன்கையைப் பிடித்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நடுவில் ஒரு தடவை டீச்சர் என் பக்கம் பார்த்தார். தலையசைத்தாரா, வெயிலுக்குத் தலையைத் திருப்பினாரா, தெரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து திரிஷா சொன்னாள்: "அடுத்த மாசத்துலேர்ந்து பிட்ச் பண்ணலாம்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல, நான் பண்ணப் போறதில்லமா. மிஸ்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு பர்ஸ்ட் பேஸ் புடிச்சிருக்குது."

தொண்டை வரை வந்தது. அந்த வேகம், அந்த ஒன்பது பேர், இந்த மாவட்டத்திலேயே அப்படி ஒரு கை கிடையாதே என்றெல்லாம். அந்தக் கை இனி அந்த வட்டத்தைச் சுற்றப் போவதில்லை. யாரால் என்று கேட்க வேண்டியதில்லை.

"சரி" என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள். நான் ஸ்டாண்டு போட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள்.

"அண்ணா, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர கம்மி."

நான் சர்க்கரையைக் குறைத்தது தீபாவளிக்கு அப்புறம். அவள் என்னிடம் பேசாமல் இருந்த நாட்களில். நான் யாரிடமும் சொன்னதில்லை.